மூன்றணாக் கணக்கு: ஜே. சி. குமரப்பாவின் வாழ்வு

கீழப்பாவூரிலிருந்து மதுரைக்குச் செல்வோர் தென்காசியை அடைந்து, கடையநல்லூர், புளியங்குடி, இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களைக் கடந்து திருமங்கலம் நோக்கிப் பயணம் செய்வர். அவ்வழியில், திருமங்கலத்துக்கு முன்பாக, டி. கல்லுப்பட்டி என்னும் ஊர் வரும். பேருந்து அங்குச் சில நிமிடங்கள் நிற்கும். இறங்குவோர் இறங்குவர், ஏறுவோர் ஏறுவர். அவ்வூரின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில், சிறு குடிசை ஒன்றில், இலண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தி, நியூயார்க்கில் பொதுநிதியியல் ஆராய்ந்த ஒருவர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார் என்பதைப் பயணிகளுள் அறிந்தோர் சிலரே. அவரே ஜே. சி. குமரப்பா.

அவரைக் காந்தியப் பொருளியல் அறிஞர் என்று உலகம் போற்றும். அப்புகழ் அவர்க்கு முற்றும் உரியதே. எனினும், அறிஞர் என்னும் பெயருக்கு அடியில் கணக்கர் ஒருவர் இருந்தார். பொதுப்பணியில் ஈடுபடும் அறநிலையங்களும் சங்கங்களும் சமுதாய அமைப்புகளும் அவரிடம் முதலில் கற்க வேண்டுவது அந்தக் கணக்கரின் வாழ்க்கையையே ஆகும்.

தஞ்சையிலிருந்து இலண்டனுக்கு

குமரப்பா 1892ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சையில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்பது. தந்தையார் சாலமன் துரைசாமி கார்னீலியஸ் சென்னை அரசாங்கத்தின் பொதுப்பணித் துறையில் அலுவலர். தாயார் எஸ்தர் இராஜநாயகம் இறைப்பற்று மிக்கவர். ஒழுங்கும் நேரந் தவறாமையும் ஆட்சி செய்த இல்லம் அது. உடன்பிறந்தோருள் பரதன் குமரப்பா பிற்காலத்தில் அவருடன் சேர்ந்து கிராமப் பணியாற்றினார். மற்றொருவரான ஜே. எம். குமரப்பா பம்பாயில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக விளங்கினார்.

இளைஞர் கார்னீலியஸ் கணக்கியல் பயிலும் பொருட்டு இலண்டன் மாநகர் சென்றார். அக்காலத்தில் இந்திய இளைஞர் பெரும்பாலோர் சட்டம் பயிலவோ, ஆட்சிப் பணித் தேர்வு எழுதவோதான் கடல் கடந்தனர். இவரோ பிறர் நாடாத துறையைத் தேர்ந்தார். முதல் உலகப் போர்க் காலத்தை அந்நகரிலேயே கழித்து, பதிவு பெற்ற கணக்காயர் என்னும் தகுதியை அடைந்தார். தணிக்கைக் கல்வி அவர்க்கு மூன்று பழக்கங்களைத் தந்தது. கண்ணால் காணாத சான்றை ஏற்பதில்லை என்பது ஒன்று. பெரியவர் கூறினார் என்பதற்காக எண் மாறுவதில்லை என்பது மற்றொன்று. சிறிய தொகை என்று எதையும் கடந்து செல்வதில்லை என்பது மூன்றாவது. வாழ்நாள் முழுதும் அவரைவிட்டு இப்பழக்கங்கள் நீங்கவில்லை.

தாயாரின் விருப்பத்துக்கிணங்க 1919இல் தாயகம் திரும்பினார். பம்பாயில் பணியாற்றி, 1924இல் கார்னீலியஸ் அண்டு தாவர் என்னும் தணிக்கை நிறுவனத்தைத் தொடங்கினார். வருவாய் பெருகிற்று. உடையும் உணவும் பழக்கமும் முற்றும் மேனாட்டு முறையிலேயே அமைந்திருந்தன. நாட்டின் வறுமை அவர் சிந்தையை அப்போது தீண்டியதாகத் தெரியவில்லை.

ஓர் ஆய்வேடு செய்த மாற்றம்

1927இல் அவர் அமெரிக்கா சென்றார். ஓய்வை நாடிய பயணமே அது. ஆயினும், வாளாவிருத்தல் அவர் இயல்பன்று. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வணிக நிருவாகவியலில் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதியியல் பயின்றார். அத்துறையில் அந்நாளில் பெரும்புகழ் பெற்றிருந்த பேராசிரியர் செலிக்மன் அவர்க்கு ஆசிரியராக வாய்த்தார்.

இந்தியா ஏன் வறுமையுற்றது என்பது பற்றிக் கார்னீலியஸ் தேவாலயம் ஒன்றில் ஆற்றிய உரை செய்தித்தாளில் வெளிவந்தது. அதனைக் கண்ட பேராசிரியர், அப்பொருளையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுமாறு பணித்தார். ஆங்கில ஆட்சியின் வரவு செலவுப் பட்டியல்களை அவர் ஒரு தணிக்கையாளரின் கண்கொண்டு பார்க்கத் தொடங்கினார். வரி எவரிடமிருந்து வருகிறது, அது எவர்க்குச் செலவாகிறது என்னும் இரண்டு வினாக்களே அவர் கையில் இருந்தன. ஏழை உழவன் செலுத்திய வரி, படைக்கும் உயர் அலுவலர் ஊதியத்துக்கும் பெருமளவு சென்றது. அவன் ஊர்க்குக் கிணறாகவோ பள்ளியாகவோ திரும்பி வந்தது மிகச் சிறிதே. மேடைப் பேச்சுகள் செய்யாத மாற்றத்தை எண்கள் செய்தன. ஆட்சியாளரை நம்பியிருந்த கணக்கர், கணக்கின் வழியாகவே தேசியவாதியானார்.

1929இல் நாடு திரும்பியதும், பாட்டனார் வழிப் பெயராகிய குமரப்பா என்பதையே தம் பெயராகக் கொண்டார்.

சபர்மதி ஆற்றங்கரையில்

தம் ஆய்வேட்டை அச்சிட விரும்பிய குமரப்பா, அதனைக் காந்தியடிகளிடம் காட்டுமாறு நண்பர்களால் அறிவுறுத்தப்பெற்றார். 1929ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்தில் சந்திப்பு நிகழ்வதாயிற்று. குறித்த நேரத்துக்கு முன்னரே வந்துவிட்ட அவர், ஆற்றங்கரைப் பக்கம் உலவச் சென்றார். மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து முதியவர் ஒருவர் இராட்டையில் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இராட்டையை அதற்குமுன் கண்டறியாத குமரப்பா, கைத்தடியை ஊன்றியவாறு வியந்து நோக்கி நின்றார். சிறிது நேரத்திற்குப் பின் அம்முதியவர் அவர் பெயரைக் கூறி, அவர்தாமோ என வினவினார். அப்போதுதான் தம் எதிரில் இருப்பவர் காந்தியடிகள் என்பது குமரப்பாவுக்கு விளங்கிற்று. தம் விலையுயர்ந்த மேனாட்டு உடை கசங்குமே என்றும் எண்ணாமல் தரையில் அமர்ந்தார். எவரோ விரைந்து கொணர்ந்த நாற்காலியை அவர் ஏற்கவில்லை.

காந்தியடிகள் ஆய்வேட்டைத் தம் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட இசைந்தார். பின்னர் அது நூலாகவும் வந்தது. அத்துடன் குசராத்தில் கிராமப்புற ஆய்வு ஒன்றை நடத்தித் தருமாறும் வேண்டினார்.

கணக்கின் அருமையைக் காந்தியடிகள் முன்னரே உணர்ந்தவர். 1891இல் பம்பாயில் அவர்க்கு அறிமுகமான மணி வணிகர் ராய்சந்த்பாய், வணிக நேர்மையும் ஆன்ம நாட்டமும் ஒருவரிடமே ஒன்றியிருத்தல் கூடும் என்பதைத் தம் வாழ்வால் காட்டியவர். 1894இல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கிய நாளிலிருந்தே, பெறும் தொகை ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு வழங்குவதும், செலவனைத்தையும் பதிவதும் காந்தியடிகளின் வழக்கம். செம்மையான கணக்கில்லாத இடத்தில் பொதுப்பணியின் உண்மை நிலைக்காது என்பது அவர் கொள்கை. அக்கொள்கைக்கு ஏற்ற துறையறிவு உடைய ஒருவரையே அவர் அன்று மரத்தடியில் கண்டடைந்தார்.

வட்டத்தின் கணக்கும் நாட்டின் கணக்கும்

கேடா மாவட்டத்து மாத்தர் வட்டம் ஆய்வுக்குத் தேர்ந்துகொள்ளப்பட்டது. குமரப்பாவுக்குக் குசராத்தி மொழி தெரியாது. குசராத் வித்யாபீடத்து மாணவர்கள் உடன் சென்றனர். உழவனின் நிலம், கால்நடை, கருவி, கடன், வரி, விளைச்சல், உண்ணும் உணவு என ஒவ்வொன்றும் வீடு வீடாகக் கேட்டுப் பதியப்பெற்றது. நிறுவனங்களின் ஏடுகளைப் புரட்டிய கை, ஏடே இல்லாத குடும்பங்கட்கு ஏடு எழுதிற்று. தொண்டு செய்யப் புகுவோர், முதலில் தாம் யார்க்குத் தொண்டு செய்கின்றோம், அவர்தம் நிலை யாது என்பதை அளந்தறிய வேண்டும் என்னும் பாடத்தை அவ்வாய்வு தந்தது.

1930இல் உப்பு அறப்போர் எழுந்தது. காந்தியடிகள் சிறை சென்றபின் யங் இந்தியா இதழின் பொறுப்பு குமரப்பாவின்மேல் விழுந்தது. சிறையும் உடன் வந்தது. 1931இல், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையேயுள்ள நிதிக் கடப்பாடுகளை ஆராயக் காங்கிரஸ் மகாசபை அமைத்த குழுவில் அவர் இடம்பெற்றார். பூலாபாய் தேசாய், கே. டி. ஷா முதலியோர் உடன் உறுப்பினர். இந்தியாவின் பொதுக்கடன் எனக் காட்டப்பட்ட பெருந்தொகையுள், கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர்க்குக் கொடுத்தது எவ்வளவு, இந்தியர் வேண்டாத அயல்நாட்டுப் போர்களுக்குச் செலவிட்டது எவ்வளவு எனப் பிரித்துக் காட்டும் பணி அது. உணர்ச்சி மிக்க சொற்களால் சாற்றப்பட்டு வந்த குற்றச்சாட்டை, வரிசை வரிசையாக எண்ணிட்டுத் தொகை கூட்டிக் காட்டும் வழக்காக அக்குழு மாற்றியது.

பீகார் நிலநடுக்கம்

குமரப்பாவின் வாழ்வில் பொது அமைப்புகளை நடத்துவோர் என்றும் நினைவில் கொள்ளத்தக்க பகுதி இனி வருவதே.

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பிற்பகலில் வடபீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. மாண்டோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். முசாபர்பூர், தர்பங்கா, மோங்கீர் முதலிய நகரங்கள் சிதைந்தன. நிலம் பிளந்து பொங்கிய மணல் வயல்களை மூடியது, கிணறுகளைத் தூர்த்தது. சிறையிலிருந்து வெளிவந்த இராஜேந்திர பிரசாத், உடல்நலிவையும் பொருட்படுத்தாது, பீகார் மத்திய நிவாரணக் குழுவை அமைத்தார்.

அவ்வேளையில் காந்தியடிகள் தமிழகத்தில் அரிசனப் பயணம் மேற்கொண்டிருந்தார். ஜனவரி 24ஆம் நாள் திருநெல்வேலியில் நிகழ்ந்த பொதுக்கூட்டத்தில் பீகார் மக்களின் துயரை எடுத்துரைத்தார். அந்நிலநடுக்கத்தைத் தீண்டாமைப் பாவத்திற்குக் கிட்டிய தண்டனை என அவர் அங்குக் கூறியதும், கவியரசர் தாகூர் அதனை மறுத்ததும் வரலாறறிந்தவை. கருத்து எதுவாயினும், துயருற்றோர்க்குக் கைகொடுக்க வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் பணம் பாட்னாவை நோக்கிப் பாய்ந்தது. செல்வர் தந்த பெருந்தொகையும், உழைப்பாளர் தந்த செப்புக்காசும் ஒரே பெட்டியில் விழுந்தன.

இங்கேதான் இடர் தொடங்கிற்று. பணம் இல்லாத அமைப்புக்கு ஒரு துன்பமே உண்டு. பணம் திடீரென வந்து குவியும் அமைப்புக்குப் பல துன்பங்கள். பேரிடர்க் களத்தில் பொருள்களை அவசரமாக வாங்க நேரும்; வாங்கிய இடத்தில் சீட்டுக் கிடைப்பதில்லை. ஒரு பணிக்கென வந்த பணம் வேறொரு பணிக்குச் செலவாகிவிடும். கிளைக் குழு ஒவ்வொன்றும் தன் மனம்போலச் செலவழிக்கும். தொண்டர் கூட்டமாக வருவர். அவர்க்கு உணவும் ஊர்தியும் வேண்டும். இவற்றிலெல்லாம் எவரும் திருடுவதில்லை. எனினும், ஆண்டிறுதியில் கணக்குக் கேட்டால் விடை கூற இயலாத நிலை வந்துவிடும். நேர்மையாளர் பலர் பழிக்கு ஆளாவது இவ்வாறுதான். நேர்மை வேறு, கணக்கறிவு வேறு. நேர்மை உள்ளத்தைக் காக்கும். நேர்மையாளரின் பெயரையும், அவர் ஏந்திய நிதியையும் காப்பது கணக்கறிவே.

இராஜேந்திர பிரசாத்தின் நேர்மையில் நாடு முழுதும் நம்பிக்கை கொண்டிருந்தது. ஆயினும் அது மட்டும் போதும் என்று குழுவினர் இருந்துவிடவில்லை. காங்கிரசின் பொருளாளரும் தேர்ந்த வணிகருமாகிய ஜம்னாலால் பஜாஜ் நிதிப்பணிக்கு உதவ வந்தார். கணக்கையும் தணிக்கையையும் ஏற்க அழைக்கப்பட்டவர் குமரப்பா.

மூன்றணா வரையறை

பாட்னாவில் குமரப்பா செலவுகளுக்கு வரையறை வகுத்தார். அவற்றுள் ஒன்று, தொண்டர் ஒருவரின் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்றணாவுக்கு மேல் நிவாரண நிதியிலிருந்து வழங்கலாகாது என்பது. பதினாறணா ஒரு ரூபாய் என்றிருந்த காலம் அது. நூறு தொண்டர் உள்ள முகாமில் நாளொன்றுக்கு 18 ரூபாய் 12 அணா உணவுச் செலவு ஆகும். தலைக்கு ஓரணா கூடினால், மாதம் ஒன்றுக்கு 187 ரூபாய் 8 அணா மிகும். அந்த மிகுதி, மணல் மூடிய கிணற்றைத் தூர்வாருவதற்கு உரியது; வீடிழந்தவன் கூரைக்கு உரியது. ஓரணா என்று தொண்டர் நினைப்பதை, கிணறு என்றும் கூரை என்றும் கணக்கர் காண்கிறார். கணக்கறிவின் பயன் இதுவே. தனித்தனியே சிறியனவாகத் தோன்றுபவை கூடும்போது எவ்வளவாகும் என்பதை முன்னரே காட்டுவது அது.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் காந்தியடிகள் பீகாருக்கு வந்தார். அவருடன் வந்தோர் பலர். அடிகளின் உணவோ பாலும் பழமும் ஆகும். மூன்றணாவுக்குள் அஃது அடங்காது. உடன் வந்தோரின் உணவு, ஊர்திச் செலவு ஆகியவற்றையும் நிவாரணக் குழுவே ஏற்கும் என்று எல்லாரும் எண்ணியிருந்தனர். காந்தியடிகளுக்கு உணவளிக்க இந்நாட்டில் யார்தாம் மறுப்பர்?

குமரப்பா மறுத்தார். அடிகளின் செயலாளர் மகாதேவ தேசாயிடம், இக்குழுவினரின் செலவை நிவாரண நிதியிலிருந்து தர இயலாது. அதற்கு வேறு வழி காண வேண்டும் என்று தெரிவித்தார். செய்தி அடிகளின் செவிக்கு எட்டியது. அவர் குமரப்பாவை அழைத்து, அவ்வாறு கூறியது மெய்தானா என்று வினவினார். குமரப்பா தம் நிலையை விளக்கினார். நிதி துயருற்றோர்க்கென்று தரப்பட்டது. தாம் அதன் காவலர் மட்டுமே. தொண்டர்க்கு மூன்றணா என விதித்துவிட்டு, தலைவர்க்கென விலக்களித்தால் அவ்விதியை மறுநாள் எவரும் மதியார் என்பது அவர் கருத்தின் சாரம். காந்தியடிகள் ஒப்புக்கொண்டார். தம் குழுவினர்க்கென அந்நிதியிலிருந்து ஒரு காசும் பெறலாகாது என்று மகாதேவ தேசாய்க்குப் பணித்தார்.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் காந்தியடிகளின் பெருந்தன்மையைப் புகழ்வர். அது தகும். குமரப்பாவின் துணிவைப் புகழ்வோரும் உளர். அதுவும் தகும். இவ்விரண்டுக்கும் அப்பால் எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. அச்செலவு நிதியின் அளவோடு ஒப்பிடின் மிகச் சிறியது. அதனைக் கொடுத்திருப்பின் எவரும் குறை கூறியிரார். குறை கூறுவார் இல்லாத இடத்தில்தான் விதி முதலில் தளரும். பெரியவர்க்காக ஒருமுறை தளர்ந்த விதி, அடுத்து நடுத்தரத்தார்க்கும் பின்னர் எல்லார்க்கும் தளரும். இதனை நன்கறிந்தவர் தணிக்கை பயின்றவர். நல்லெண்ணம் மட்டும் உடைய ஒருவர் அவ்விடத்தில் இருந்திருப்பின், அன்பு மிகுதியால் இசைந்திருப்பார். தகுதியுடையவர் இருந்தமையால் நிதி காக்கப்பட்டது. காந்தியடிகளின் பெயரும் அதனுடன் காக்கப்பட்டது.

அவர் கண்டிப்பு பலர்க்குக் கசந்திருத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. முகத்துக்கு நேரே கூறும் இயல்பினர் அவர். சினமும் விரைவில் வரும். வெயிலில் மணல் அள்ளிய தொண்டர்க்கு, மேசையில் இருந்தவாறு அணாக் கணக்குக் கேட்பவர் இனியவராகத் தோன்றார். நிதிப்பொறுப்பு ஏற்பவர் இந்தக் கசப்பையும் ஏற்க வேண்டியவரே. அவரைத் தலைமை தாங்கி நிற்கவில்லையெனில் அவர் நிலைக்க இயலாது. குமரப்பாவின் பின்னே இராஜேந்திர பிரசாத்தும் பஜாஜும் நின்றனர். இறுதியில் காந்தியடிகளும் நின்றார்.

மகன்வாடியில்

அவ்வாண்டே காங்கிரஸ் மகாசபையின் பம்பாய்க் கூட்டத் தீர்மானத்தின்படி அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் டிசம்பரில் தோன்றியது. அதனை உருவாக்கி நடத்தும் செயலாளராகக் குமரப்பா அமர்ந்தார். ஸ்ரீகிருஷ்ணதாஸ் ஜாஜு தலைவராகவும் பொருளாளராகவும் விளங்கினார். வார்தாவில் பஜாஜ் அளித்த தோட்டம், மறைந்த மகன்லால் காந்தியின் நினைவாக மகன்வாடி எனப் பெயர் பெற்றுச் சங்கத்தின் இருப்பிடமாயிற்று.

எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, புகையற்ற அடுப்பு, தாவர எண்ணெய் விளக்கு எனப் பல தொழில்கள் அங்கே ஆராயப்பெற்றன. ஆராய்ச்சி என்றால் கருவியைச் செம்மை செய்வது மட்டுமன்று. முதலீடு எவ்வளவு, ஒருவன் நாள் முழுதும் உழைத்தால் கிடைக்கும் கூலி எவ்வளவு, பொருள் விலைபோகுமா என்பனவும் கணக்கிடப்பெற்றன. வரவு வராத தொழிலை ஏழையிடம் கொடுத்து, அதனைத் தொண்டு எனப் பெயரிடுவது அவர்க்கு உடன்பாடன்று.

இங்கே அவர் கணக்கியலின் எல்லையையும் கண்டார். ஆலை எண்ணெய் விலை குறைவு. செக்கெண்ணெய் விலை மிகுதி. ஏட்டின்படி ஆலையே சிறந்தது. ஆனால், தொழிலிழந்த செக்காளரின் குடும்பம் அவ்வேட்டில் எப்பக்கத்தில் எழுதப்பட்டுள்ளது என்று அவர் கேட்டார். ஊரைவிட்டு வெளியேறும் பணமும், உணவில் குறையும் சத்தும் எத்தலைப்பில் உள்ளன என்றும் கேட்டார். எழுதப்படாத செலவும் செலவே என்பது அவர் முடிவு. இலாப நட்டத்தின் இலக்கணம் அறியாதவர் இவ்வினாவை எழுப்பியிருப்பின், இரக்கமுள்ளவரின் புலம்பல் என ஒதுக்கியிருப்பர். இலண்டனில் தகுதி பெற்ற கணக்காயர் எழுப்பியமையால் அதற்கு விடையிறுக்க வேண்டியதாயிற்று.

1942க்குப் பின் மீண்டும் சிறை. ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது, நிலைபெறும் பொருளாதாரம் பற்றிய தம் புகழ்பெற்ற நூலையும், இயேசுவின் போதனைகள் பற்றிய நூலையும் எழுதினார். இரண்டிற்கும் காந்தியடிகள் முன்னுரை வழங்கினார். முன்னைய நூலில் பொருளியல் வாழ்வை ஐந்து படிகளாக அவர் வகுத்தார். பிற உயிரை அழித்து உண்பது முதற்படி. தான் உழைக்காத மாந்தோப்பில் குரங்கு புகுவதுபோலப் பறித்து உண்பது இரண்டாவது. பறவை தன் கூட்டைத் தானே கட்டுவதுபோல உழைத்து உண்பது மூன்றாவது. தேனீக்கள்போலக் கூட்டத்தின் நலனுக்கு உழைப்பது நான்காவது. தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டுவதுபோல, கைம்மாறு கருதாது தொண்டு செய்வது ஐந்தாவது. அறநிலையங்கள் நிற்பதாகக் கூறிக்கொள்வது இவ்வைந்தாம் படியில்தான். கணக்கில்லாத அறநிலையம் தன்னையறியாமலே இரண்டாம் படிக்கு இறங்கிவிடக் கூடும்.

கல்லுப்பட்டிக் குடிசை

நாடு விடுதலை பெற்றபின் காங்கிரஸ் அமைத்த விவசாயச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார். 1949இல் அக்குழு அளித்த அறிக்கை, உழுபவனுக்கும் அரசுக்கும் இடையே இடைத்தரகர் இருத்தலாகாது என்றும், நில உடைமைக்கு உச்சவரம்பு வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பதவிகள் அவரை நாடி வரக்கூடிய காலம் அது. அவரோ கிராமத்தையே நாடினார். வார்தாவுக்கு அருகே பண்ணை ஆசிரமம் ஒன்றை அமைத்துச் சில ஆண்டுகள் உழவுப் பணியில் ஈடுபட்டார். இரத்த அழுத்த நோய் அவரை வாட்டியது. மருத்துவர் ஓய்வை வற்புறுத்தினர்.

கோ. வேங்கடாசலபதி 1940இல் நிறுவிய கல்லுப்பட்டி காந்தி நிகேதன் அவரை வரவேற்றது. அங்கே அமைந்த சிறு குடிசையில் அவர் வாழ்ந்தார். மணம் புரியாதவர், சொத்துச் சேர்க்காதவர். குடிசைச் சுவரில் ஏழை உழவன் ஒருவனின் படம் இருந்தது. காண வந்தோர் வினவினால், காந்தியடிகள் தம் தலைவர் என்றும், அவ்வுழவனோ தம் தலைவருக்கும் தலைவன் என்றும் விளக்குவார்.

கணக்கர் எவர்க்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதற்கு அப்படமே விடை. நிருவாகக் குழுவுக்குக் காட்டுவது முறை. அரசுக்குக் காட்டுவது சட்டம். நன்கொடையாளர்க்குக் காட்டுவது நன்றி. இவையனைத்துக்கும் மேலாக, எவர் பெயரால் நிதி திரட்டப்பட்டதோ அவர்க்குக் காட்டுவதே அறம்.

1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், குமரப்பா இயற்கை எய்தினார். அகவை 68.

அவர் வாழ்வு காட்டும் நெறி

இன்று ஊர்தோறும் பொது அமைப்புகள் பெருகியுள்ளன. கோயில் திருப்பணிக் குழு, கல்வி அறக்கட்டளை, மருத்துவ உதவி நிதி, அன்னதானச் சபை என அவற்றின் பெயர் பல. நிருவாகிகள் பெரும்பாலும் நல்லோர். தம் கைப்பொருளையும் நேரத்தையும் செலவழிப்போர். எனினும், கணக்கு எழுதும் பணியை இறுதியில் ஒருவர் தலையில் சுமத்துவதே வழக்கமாக உள்ளது. விழா முடிந்தபின் சீட்டுகளைத் தேடுவர். தணிக்கையாளரை ஆண்டுக்கு ஒருமுறை, கையொப்பத்திற்காக மட்டும் நினைப்பர்.

குமரப்பாவின் வாழ்வு வேறு வழியைக் காட்டுகிறது. பீகாரில் அவர் செலவு முடிந்தபின் வந்து கூட்டல் பார்த்தவரல்லர். செலவு நடந்துகொண்டிருந்தபோதே வரையறை வகுத்தவர். மகன்வாடியில் கணக்கை மட்டும் பார்த்தவரல்லர். பணியின் நோக்கத்தையும் தம் நோக்கமாகக் கொண்டவர். நிதியறிவுடையோரை அமைப்பின் வாயிலில் நிறுத்தாது, திட்டம் தீட்டும் அவையிலேயே அமர்த்த வேண்டும் என்பதும், அவர் கூறும் மறுப்பைத் தலைவர் முதலில் ஏற்றுக் காட்ட வேண்டும் என்பதும் அவர் வரலாறு தரும் படிப்பினைகள். நிதியறிவுடையோர்க்கும் அதில் ஒரு படிப்பினை உண்டு. தம் தகுதியைச் சந்தையில் மட்டும் விற்காது, அதில் ஒரு பங்கைச் சமுதாயத்துக்கு அளிப்பதும் தானமே. அன்னமும் பொன்னும் அளிப்பது போலவே அறிவளிப்பதும் ஈகை ஆகும்.

கீழப்பாவூர் குளத்துப் பாசனம் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. குளம் நிறைந்திருப்பதால் மட்டும் கடைமடை வயல் விளைந்துவிடாது. மடையைத் திறக்கும் நேரமும் அளவும் அறிந்தவர் வேண்டும். தலைமடையில் நிலம் வைத்திருக்கும் பெரியவர்க்கும் கடைமடை ஏழைக்கும் ஒரே முறையைக் காக்கும் உறுதியும் அவர்க்கு வேண்டும். அவர் அயர்ந்தால், குளத்தில் நீர் இருக்கவே பயிர் கருகும். ஈவோரின் கருணை குளத்து நீர் போன்றது. அதனைக் கடைமடைவரை கொண்டு சேர்ப்பது கணக்கு. நூறு பேர் உண்ட முகாமில் மூன்றணாவைக் காத்து நின்ற அந்தத் தஞ்சைத் தமிழர், கடைமடை வயலை ஒருபோதும் மறவாதவர்.